குடுவைக்குள் ஒரு குளம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். ஏலக்காய் வாணிகத்தால் பெயர் பெற்ற அவ்வூரின் மேற்கே, மலைமேல் மலையாக முகடுகள் அடுக்கி நிற்கும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதைக்கு அப்பால் ஏலமலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. குரங்கணிப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு, ஊரை அடுத்து ஓடி வைகைக்கு நீர் சேர்க்கின்றது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்ததும் ஓடைகள் பெருகும், கண்மாய்கள் நிறையும், தவளைகள் இரவெல்லாம் ஒலிக்கும்.

ஊர்ச் சிறுவர் கண்மாய்க் கரையில் கூடுவதும் அந்நாள்களிலேதான். கையில் ஒரு கண்ணாடிக் குடுவை; அதற்குள் நான்கைந்து மீன்குஞ்சுகள், சில தலைப்பிரட்டைகள், ஒரு பிடி பாசி. வீட்டுத் திண்ணையில் வைத்த அக்குடுவை முதல் நாள் வியப்பைத் தரும். இரண்டாம் நாள் மீன்கள் வாயை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டித் திணறும். மூன்றாம் நாள் அவை மடிந்து மிதக்கும், நீர் நாறும். பெரியோர் கடிந்துரைக்க, குடுவையிலுள்ளவை தெருச் சாக்கடையிற் கொட்டப்படும். பிள்ளை விளையாட்டு அவ்வளவில் முடிந்துவிடும்.

இவ்வாறு முடிவது வருந்தத்தக்கது. மீன்கள் மடிந்தமை ஒரு கேடு. அவை ஏன் மடிந்தன என்று எவரும் வினவாமை அதனினும் பெருங்கேடு. அதே குடுவையை முறையறிந்து நிரப்பி, வாயை இறுக மூடி, ஒளிபடும் இடத்தில் வைத்து நாள்தோறும் நோக்கினால், அது விளையாட்டுப் பொருளாக நில்லாது. சிறந்ததோர் ஆசானாக மாறும். ஏட்டிலே படித்து எளிதில் உணரவொண்ணாத ஓர் உண்மையை அது கண்முன் காட்டும். உயிர்கள் வாழும் இடத்திற்குப் புறம் என்று ஒன்றில்லை என்பதே அவ்வுண்மை.

முறை மிக எளியது. அகன்ற வாயுடைய தூய கண்ணாடிக் குடுவை ஒன்று வேண்டும். அதன் அடியில் கண்மாயின் கரையோரச் சேற்றை மூன்று விரல் உயரம் இடுதல் வேண்டும். அதன்மேல் அதே கண்மாய் நீரை மெல்ல வார்த்து, மேலே காற்றுக்குச் சிறிது இடம் விட்டுவிட வேண்டும். வேலம்பாசி போன்ற நீர்ச்செடிகளில் இரண்டு மூன்று தண்டுகளை நட்டு, கடுகளவு நத்தைகள் இரண்டினை விட்டால் போதும். கண்ணுக்கு அரிதாகப் புலப்படும் நீர்த்தெள்ளுகளும், கண்ணுக்குப் புலனாகாத எண்ணற்ற நுண்ணுயிர்களும் அச்சேற்றோடும் நீரோடும் தாமாகவே வந்துவிடும். மூடியை இறுக்கிய பின், நேர்வெயில் படாத சன்னலோரத்தில் குடுவையை வைக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் வைத்தால் நீர் சூடேறி உள்ளிருப்பவை அழியும். இருளில் வைத்தால் செடி வாடி யாவும் அழியும்.

மூடியபின் உள்ளே நிகழ்வது யாது? பகலில் ஒளியைப் பெற்ற செடிகள் கரியமில வாயுவை ஏற்று உணவு சமைக்கின்றன. ஆக்சிஜன் எனப்படும் உயிர்வளியை வெளியிடுகின்றன. இலைகளின்மேல் முத்துப்போற் கோத்து நிற்கும் சிறு குமிழிகளே அதற்குச் சான்று. நத்தையும் நீர்த்தெள்ளும் அவ்வுயிர்வளியை உட்கொண்டு கரியமில வாயுவை விடுகின்றன. செடிகளும் இரவும் பகலும் மூச்சு விடுவன. ஆதலின், ஒளியில்லாத இரவில் உயிர்வளி குறையும். பொழுது புலர்ந்ததும் மீண்டும் கூடும். நத்தையின் கழிவையும் உதிர்ந்த இலையையும் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துச் செடிக்கு உரமாக்குகின்றன. ஆவியான நீர் மூடியிலும் கண்ணாடியிலும் துளித்து மீண்டும் கீழே வழிகின்றது. வெளியிலிருந்து உள்ளே செல்வன ஒளியும் வெப்பமுமே. பிற யாவும் அங்கேயே பிறந்து, அங்கேயே மாறி, அங்கேயே பயன்படுகின்றன.

இவ்வறிவு ஒரே நாளில் கிட்டியதன்று. செடியொன்று கெட்ட காற்றைத் திருத்தவல்லது என்பதை 1771ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் சோசப்பு பிரீசுட்லி புதினாத் தளிரைக் கொண்டு கண்டறிந்தார். இலண்டன் மருத்துவரான நதானியல் வார்டு என்பவர், 1829ஆம் ஆண்டில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் வைத்து, அதனை ஒரு மூடிய புட்டியில் இட்டார். புழுவைக் காண விரும்பியவர், மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தெழக் கண்டார். நகரத்துப் புகையில் அவர் வளர்த்த பெரணிகள் பட்டுப்போயிருக்க, மூடிய புட்டிக்குள் அச்செடிகள் நீர் வார்ப்பாரின்றியே ஏறத்தாழ 4 ஆண்டுகள் வாழ்ந்தன. பின்னாளில் கடல்கடந்து செடிகளை எடுத்துச் சென்ற கண்ணாடிப் பெட்டிகள் இதிலிருந்தே பிறந்தன. சீன நாட்டுத் தேயிலை நாற்றுகள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததும் அத்தகைய பெட்டிகளிலேயாம்.

நீருக்குள் இச்சமநிலையை நாடிய இராபர்ட்டு வாரிங்டன் என்னும் வேதியியலறிஞர் 1850ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி, கண்மாய்க்கரைச் சிறுவர் யாவரும் அறியத்தக்கது. அவர் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் வைத்தார். சின்னாள் சென்றபின் செடியின் இலைகள் அழுகின. நீர் கலங்கி வழுவழுப்பாயிற்று. மீன்களுக்கு இடையூறு நேர்ந்தது. செடியும் மீனும் மட்டும் இருந்தால் போதும் என்ற எண்ணம் பொய்த்தது. அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை அதிலிட்டார். அழுகிய இலைகளை நத்தைகள் தின்றன, நத்தையின் முட்டைகள் மீன்களுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. தொட்டி காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டதன்று. எனினும், அதனுள் எவராலும் மதிக்கப்படாத நத்தையே அச்சிற்றுலகைக் காத்தது.

'குடுவைக்குள் உயிர்களை அடைத்து வைத்தல் கொடுமையன்றோ?' என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. மீனையும் தலைப்பிரட்டையையும் அடைத்தல் கொடுமையே. மீனுக்கு வேண்டும் உயிர்வளியைச் சிறு குடுவையிலுள்ள பாசி தரவியலாது. தலைப்பிரட்டை தவளையாகி வெளியேற வேண்டிய உயிர். ஆதலின் அவ்விரண்டையும் கண்மாயிலேயே விட்டுவிடுதல் அறம். கொசுப்புழுவும் குடுவைக்கு ஆகாது; மூடியைத் திறக்கும் நாளில் அது கொசுவாய்ப் பறந்து வீட்டாரைக் கடிக்கும். பாசியும் நத்தையும் நுண்ணுயிரும் போதும். எடுப்பது ஒரு கையளவே இருத்தல் வேண்டும். கண்மாயின் ஆழமறியாப் பகுதியில் இறங்காது, பெரியோர் துணையோடு கரையோரத்தில் எடுத்தலே முறை. ஆய்வு முடிந்ததும் குடுவையிலுள்ளவற்றை எடுத்த கண்மாயிலேயே சேர்க்க வேண்டும். வேறு நீர்நிலையில் விடலாகாது. அழகுக்காக அயல்நாட்டிலிருந்து கொணர்ந்த ஆகாயத்தாமரை எத்தனை ஏரிகளையும் ஆறுகளையும் மூடி நிற்கின்றது என்பதை நினைத்தால் இவ்விதியின் அருமை விளங்கும்.

'குடுவை சில நாளில் அழுகிப்போனால் உழைப்பு வீணன்றோ?' என்பது பிறிதொரு தடை. வீணன்று. நத்தை மிகுந்ததா, செடி குறைந்ததா, வெயில் கூடியதா என்று நாள்தோறும் குறித்து வைத்த மாணவனுக்குக் கெட்ட குடுவையும் பாடம் புகட்டும். குறிப்பெடாதவனுக்கு நன்றாய் வளர்ந்த குடுவையும் வெறும் அழகுப் பொருளே.

பேரறிஞர்களும் இவ்வாறே பிழையினின்று கற்றனர். அமெரிக்க நாட்டின் அரிசோனாப் பகுதியில் 3 ஏக்கர் பரப்புக்கு மேற்பட்ட மாபெருங் கண்ணாடி மாளிகை ஒன்று எழுப்பப்பட்டது. காடு, புல்வெளி, சிறு கடல், விளைநிலம் யாவும் அதனுள் அமைந்தன. 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் 8 பேர் அதனுட் புகுந்து கதவை அடைத்துக்கொண்டு, 2 ஆண்டுகள் வாழ்ந்தனர். இடையில், காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்கவேண்டிய உயிர்வளி 14 விழுக்காட்டளவுக்குக் குறைந்தது. உள்ளிருந்தோர் மூச்சுத் திணறித் தளர்ந்தனர். 1993ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிலிருந்து உயிர்வளி செலுத்த நேர்ந்தது. காரணம் ஆராய்ந்தபொழுது, வளம் மிகுந்த மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் உயிர்வளியை மிகுதியாக உண்டமையும், அவை விட்ட கரியமில வாயுவைக் கட்டடத்தின் கற்காரை உறிஞ்சிக்கொண்டமையும் புலப்பட்டன. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய அம்மாளிகையைத் தடுமாறச் செய்தவை கண்ணுக்குப் புலனாகா உயிர்களும் சுவருமேயாகும். திண்ணையிலே வைத்த குடுவைக்கும் அம்மாளிகைக்கும் அளவிலன்றி இயல்பில் வேறுபாடில்லை.

இனி, போடியின் மலைச்சரிவை நோக்குவோர்க்கு வேறொரு காட்சி தோன்றும். ஏலச்செடி நிழலை விரும்புவது. ஓங்கிய மரங்கள் குடைபோற் கவிந்திருக்க, அவற்றின் சருகு உதிர்ந்து மட்கி மண்ணுக்கு உரமாகின்றது. குடுவையின் அடிச்சேறு செய்யும் தொழிலையே அங்கே காட்டுமண் செய்கின்றது. ஆனால் ஏலக்காய் பறிக்கப்பட்டு மலையிறங்கி வெளியூர் செல்வது. எடுத்ததற்கு ஈடாக உழவர் உரமிடுகின்றனர். இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் தாக்காதிருக்க மருந்து தெளிக்கின்றனர். உழவர்க்கு அது பிழைப்பு. பயிரைக் காவாது விடுக என்று கூறுதல் நேர்மையாகாது. எனினும், அளவிறந்து இட்ட உரமும் மருந்தும் தோட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. மழைநீரிற் கரைந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கண்மாய்க்கும் அவை இறங்குகின்றன. மேட்டிலே தெளித்தவன் 'போயிற்று' என்கின்றான். பள்ளத்திலே இருப்பவனிடம் அது வந்து சேர்கின்றது.

இதனையும் குடுவை காட்டவல்லது. நத்தையிடாத இரண்டு குடுவைகளை ஒன்றுபோல் நிரப்பி, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை உரத்தை இட்டு மூடி வைத்து நோக்கலாம். சில நாள்களில் உரமிட்ட குடுவையின் நீர் பச்சைக் குழம்பாகும். அப்பச்சை ஒளியை மறைக்க அடியிலுள்ள செடி நலியும். பின் அப்பாசியும் மடிந்து அழுகும். அழுகல் உயிர்வளியை உண்டுவிடும். சாக்கடை கலந்த கண்மாய்களில் பசுமை படர்ந்து மீன்கள் செத்து மிதப்பதும் இக்காரணத்தாலேயே. மேடை ஏறி ஒருமணி நேரம் உரைப்பினும் மனத்திற் பதியாத இச்செய்தியை, சன்னலோரத்துக் குடுவை ஒருசொல்லும் உரையாது பதியவைக்கும்.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியிலும் வகுப்புக்கு ஒரு குடுவை இருத்தல் நன்று. அதற்குப் பெருஞ்செலவில்லை, அரிய கருவிகள் வேண்டா. ஊறுகாய் வைத்திருந்த பழைய கண்ணாடிக் குடுவையும், ஒரு பிடி சேறும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் இருந்தால் அமையும். தேர்வுக்காக உயிர்வளிச் சுழற்சியை மனப்பாடம் செய்யும் மாணவன், தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடலாம். தன் கையால் மூடிய குடுவையில், காலையில் எழும் முதற்குமிழியைக் கண்டவன் அதை மறவான்.

அத்தகைய மாணவன் வளர்ந்து தோட்டத்திற்கு உரிமையாளன் ஆகலாம், மருந்து தெளிக்கும் தொழிலாளி ஆகலாம், நகராட்சியிலே பணிபுரியலாம், கடைவீதியில் வாணிகம் செய்யலாம். எங்கிருப்பினும், குப்பையையோ கழிவையோ கையிலெடுத்து 'வெளியே எறி' என்று சொல்லுமுன் அவன் ஒருகணம் தயங்குவான். மூடிய குடுவைக்கு வெளியே என்று ஓர் இடமில்லை. மலையும் ஓடையும் கண்மாயும் ஊரும் அடங்கிய இவ்வுலகிற்கும் அவ்வாறே.