பழைய வால்வு பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்



"புது பவர் ஆம்ப் வந்தாச்சு, பக்கத்துல அந்தக் கண்ணாடி வால்வு பெட்டி இன்னும் எதுக்கு? காயலான் கடைக்குப் போட்டுடலாமே?" வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் பலர் கேட்கிறீர்கள். மைக் செட் பார்க்கும் தொண்டூழியர்கள் நாங்கள் பதில் சொல்லிவிடுகிறோம்.

இரண்டுக்கும் வேலை வேறு. மைக்கில் வரும் சன்னமான சிக்னலைத் தூக்கிக் கொடுப்பது ப்ரீ ஆம்ப். ஸ்பீக்கரை ஓட்டுவது பவர் ஆம்ப். எங்கள் ப்ரீ ஆம்பில் இருப்பது 12ஏஎக்ஸ்7 வால்வு. சத்தம் ஏறும்போது அது சேர்க்கும் கலப்பு பெரும்பாலும் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. அதனால் ஓதுவார் உச்சத்தில் பாடினாலும் காதைக் குத்தாது. டிரான்சிஸ்டர் பவர் ஆம்போ சூடு குறைவு, எடை குறைவு, திருவிழாவில் விடிய விடிய ஓடும். அதற்கும் வால்வே வேணும் என்று அடம்பிடித்தால் கனமான டிரான்ஸ்பார்மர், சூடு, வால்வு மாற்றும் செலவு எல்லாம் கூடவே வரும்.

ஆனால் எதை வேணும்னாலும் எதோடயும் சொருகலாம் என்றில்லை. நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம். முதலில் மாட்டிய பவர் ஆம்பின் இன்புட் 10 கிலோ ஓம். ப்ரீ ஆம்பின் வெளிவாசலில் இருந்த கப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட். இந்த ஜோடி சுமார் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஓசையைக் குறைத்துவிடும். ஆண் குரலின் அடிநாதம் இருப்பதே அங்கேதான். தேவாரம் தகர டப்பாவுக்குள்ள பாடுற மாதிரி கேட்டது. நாங்க மைக்கைக் குறை சொல்லி மைக்கை மாத்தினோம்! பிறகு 47 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்ப் வந்தது. அந்த எல்லை 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கியது, குரல் திரும்பி வந்தது.

சுவிட்ச் போட ஆசைப்படும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. முதலில் ப்ரீ ஆம்ப், ஒரு நிமிடம் பொறுத்து பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். மாற்றிப் போட்டால் 'டம்' என்று ஒரு அடி, ஸ்பீக்கர் போயிடும். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

உபயக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். "இன்னும் பெரிய ஆம்ப் வாங்கித் தர்றோம்" என்கிறீர்கள், மனசுக்கு நன்றி. ஆனால் 100 வாட்டை 200 வாட் ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். அதே காசில் பின் வரிசைப் பக்கம் இரண்டு சின்ன ஸ்பீக்கர் மாட்டினால், தூணோரம் உட்காரும் பாட்டிக்கும் பதிகத்தின் சொல் புரியும்.

சத்தம் பெருசா இருக்கணும் என்பதல்ல எங்கள் கவலை. சொல் தெளிவாக் கேட்கணும். பழசும் புதுசும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும்போது எதற்கு ஒன்றை விரட்டணும்?

அடுத்த வெள்ளி கோயிலில் சந்திப்போம்.