கடிகாரத்தோடும் ஓடுங்கள், கடிகாரம் இல்லாமலும் ஓடுங்கள்



உங்கள் பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா நெருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டப்பந்தயத்துக்குத் தேர்வான பத்துப் பன்னிரண்டு பேர் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். பி.டி. மாஸ்டர் கையில் ஸ்டாப் வாட்சுடன் நிற்பார். தேர்வாகாத மற்றவர்கள் என்ன செய்வார்கள்? விழா நாளில் கை தட்டுவார்கள். அதோடு சரி. விழா முடிந்த மறுவாரம் மைதானம் வெறிச்சோடிக் கிடக்கும். ஓடியவர்களும் ஓட மாட்டார்கள். கை தட்டியவர்கள் எப்போதும் போல உட்கார்ந்திருப்பார்கள்.

பந்தயத்துக்கான பயிற்சி ஒழுங்காகவும் கணக்காகவும் இருக்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒழுங்கான பயிற்சி மட்டுமே உடற்பயிற்சி என்று நினைக்கத் தொடங்கியதால், ஓடுபவர்களும் நட்டப்படுகிறார்கள், ஓடாதவர்களும் நட்டப்படுகிறார்கள் என்பது என் கருத்து. ஒரு மைல் பந்தயத்தின் வரலாற்றைக் கொண்டும், கொஞ்சம் இயற்பியலைக் கொண்டும், என் சொந்த அனுபவத்தைக் கொண்டும் இதை விளக்க முயல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

விளையாட்டாக ஓடியவர்கள்

1930களில் ஸ்வீடன் நாட்டில் கோஸ்டா ஹோல்மேர் என்ற பயிற்சியாளர் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். அதன் பெயர் 'பார்ட்லெக்'. ஸ்வீடிஷ் மொழியில் இதற்கு 'வேக விளையாட்டு' என்று பொருள். வட்டமான ஓடுபாதையைச் சுற்றிச்சுற்றி வராமல் காட்டுப் பாதையில் ஓடவேண்டும். அதோ தெரிகிற மரம் வரை வேகமாக ஓடு. பிறகு மெல்ல ஓடு. மேடு வந்தால் ஏறு. இறக்கத்தில் உடலைத் தளர விடு. எங்கே வேகம், எங்கே நிதானம் என்பதைப் பெரும்பாலும் ஓடுபவரே அப்போதைக்கப்போது முடிவு செய்வார்.

இது சிறு பிள்ளைகளின் ஓட்டம் போல இருக்கிறதே என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் காட்டிலும் பனியிலும் ஓடிப் பழகிய குண்டர் ஹேக் என்பவரும், அவர் நாட்டவரான ஆர்னே ஆண்டர்சனும் 1942 முதல் 1945 வரை ஒரு மைல் (சுமார் 1609 மீட்டர்) ஓட்டத்தின் உலக சாதனையை மாறிமாறி முறியடித்தார்கள். 1945 ஜூலையில் ஹேக் ஓடிய நேரம் 4 நிமிடம் 1.4 விநாடி. அடுத்த ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளுக்கு உலகில் ஒருவராலும் இதை மிஞ்ச முடியவில்லை.

கணக்காக ஓடியவர்

ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து வேறொரு முறையை வகுத்தார்கள். குறிப்பிட்ட தூரம் வேகமாக ஓடு. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 180 வரை ஏறட்டும். பிறகு மெல்ல நட. துடிப்பு 120க்கு இறங்கியதும் மறுபடி ஓடு. இதுதான் 'இடைவெளிப் பயிற்சி'. இதில் தூரம், நேரம், ஓய்வு எல்லாமே அளவோடு இருக்கும். நேற்றைவிட இன்று உடல் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை எண்ணாலேயே சொல்லிவிடலாம். ஆய்வகத்தில் பழகிய எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன்.

லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த ரோஜர் பானிஸ்டர் என்ற இளைஞர் இந்த இடைவெளிப் பயிற்சியைக் கைக்கொண்டார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் மதிய உணவு நேரம்தான். கால் மைல் தூரத்தைப் பத்து முறை ஓடுவார். இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட வேண்டுமானால் கால் மைலுக்கு 60 விநாடிதானே கணக்கு? 1954 ஏப்ரலில் அவரும் நண்பர்களும் பத்து ஓட்டங்களையும் 61 விநாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு விநாடி மட்டும் எவ்வளவு முயன்றும் குறையவில்லை.

அப்போது பானிஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? பயிற்சியை அப்படியே விட்டுவிட்டு, நண்பர் கிறிஸ் பிராஷருடன் இரவோடிரவாகக் காரில் ஸ்காட்லாந்துக்குப் போனார். கிளென்கோ மலைப்பகுதியில் மூன்று நாள் பாறையேறினார்கள். சரியான தூக்கம் இல்லை. சாப்பாட்டுக்கு நேரம் காலம் இல்லை. திரும்பி வந்து மறுபடி கால் மைல்களை ஓடிப் பார்த்தபோது நேரம் 59 விநாடிக்கு இறங்கியிருந்தது! 1954 மே 6ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் அவர் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தார். உலகில் முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் ஓடியவர் அவரே.

இங்கே நாம் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது. அந்த 2 விநாடி குறைந்தது பாறையேறியதாலா, ஓட்டத்துக்கு ஓய்வு கிடைத்ததாலா, மனம் லேசானதாலா? பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சோதனையில் மூன்று காரணிகளையும் ஒன்றாக மாற்றினால் விடை கிடைக்காது என்பது உங்களுக்கே தெரியும். அன்றியும் பாறையில் கால் பிசகியிருந்தால் சாதனையே இல்லாமல் போயிருக்கும். ஆனால் ஒன்று உறுதி. பல மாதக் கணக்கான பயிற்சி இல்லாவிட்டால் 61 வந்திருக்காது. அந்தக் கணக்கையே கட்டிக்கொண்டு அழுதிருந்தால் 59 வந்திருக்குமா என்பது ஐயமே.

கம்பியும் எலும்பும்

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்துப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. கொஞ்ச நேரத்தில் படக்கென்று ஒடியும். ஒவ்வொரு வளைவும் சிறியதுதான். ஆனால் நுண்ணிய கீறல்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. இதைப் 'உலோகச் சோர்வு' என்கிறோம்.

நம் எலும்பிலும் ஓடும்போது நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. ஆனால் எலும்பு உயிருள்ளது. ஓய்வு கொடுத்தால் அந்த இடத்தைச் செப்பனிட்டு முன்னைவிட வலுவாக்கிக்கொள்ளும். கம்பியால் அது முடியாது. ஓய்வு தராமல் நாள்தோறும் ஒரே பாதையில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடினால் எலும்பும் கம்பியைப் போல ஆகிவிடும். உங்கள் வயதில் இது இன்னும் முக்கியம். நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சி நடக்கும் பகுதி குருத்தெலும்பால் ஆனது. அது மற்ற இடத்தைவிட மென்மையானது.

ஆகவே வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்பது சோம்பல் அன்று. அதுவும் பயிற்சியின் பகுதியே. கபடியும் கிளித்தட்டும் ஓட்டக்காரனுக்கு நேரத்தை வீணாக்கும் வேலையும் அல்ல. அவற்றில் பக்கவாட்டில் பாய்கிறோம், சட்டென்று நிற்கிறோம், திரும்புகிறோம். விசை ஒரே இடத்தில் விழாமல் பல இடங்களுக்குப் பகிர்ந்துவிடுகிறது.

பந்தயமே ஓடாதவர்கள்

பானிஸ்டர் மதிய வேளையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்த அதே லண்டனில், 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. அங்கே ஓடிய மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரே பஸ்; ஒரே தெரு. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஒரு நாளில் சுமார் 500 முதல் 750 படிகள் ஏறுவார். இதய நோய் கண்டக்டர்களிடம் குறைவாகவும் டிரைவர்களிடம் அதிகமாகவும் இருந்தது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரைவர்களின் சீருடை அளவுகளைப் பார்த்தபோது, அவர்களுடைய இடுப்பளவு வேலையில் சேரும்போதே பெரிதாக இருந்தது என்பதை மாரிஸின் குழுவே 1956இல் எழுதியது. தம் முடிவைத் தாமே சோதித்துப் பார்த்த அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அன்றாட உடல் உழைப்பு இதயத்துக்கு நல்லது என்ற கருத்தை உறுதிப்படுத்தின. அந்தக் கண்டக்டர்களுக்குக் கோப்பை கிடையாது, ஸ்டாப் வாட்சும் கிடையாது. இருந்தாலும் அவர்களுடைய இதயம் நாள்தோறும் பயிற்சி பெற்றது.

மூன்றாம் மாடியில் நான் கற்ற பாடம்

இனி என் கதை. பத்தாம் வகுப்பில் 1500 மீட்டர் ஓட்டத்துக்கு மாவட்டப் போட்டி வரை போனேன். நான்கு மாதம் தினமும் காலையில் கடிகாரத்தோடு ஓடினேன். போட்டியில் இடம் கிடைக்கவில்லை. அன்று கழற்றி வைத்த காலணியைப் பிறகு நான் எடுக்கவே இல்லை. பந்தயம் இல்லையென்றால் எதற்கு ஓடவேண்டும்? அப்படித்தான் நினைத்தேன். யாரும் வேறு மாதிரி சொல்லித் தரவும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் எங்கள் கல்லூரியில் மின்சாரம் இல்லை, லிப்ட் ஓடவில்லை. ஒரு கால்வனாமீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடி ஆய்வகத்துக்கு ஏறினேன். இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. ஓய்வு பெற ஓராண்டே இருந்த எங்கள் ஆய்வக உதவியாளர் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பேசியபடியே பக்கத்தில் ஏறினார். "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை அண்ணே" என்றேன். வெட்கமாக இருந்தது. அவர் வாழ்நாளில் ஒரு பந்தயமும் ஓடியதில்லை. தினமும் சைக்கிளில் வருகிறார், போகிறார். வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார். அவ்வளவுதான்.

அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம். 50 கிலோ எடையுள்ள ஒருவர் மூன்று மாடி, அதாவது 10 மீட்டர் உயரம் ஏறுகிறார். செய்யும் வேலை 50 × 9.8 × 10 = 4900 ஜூல். நம் தசையின் திறன் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஆகவே உடல் செலவிடுவது சுமார் 19,600 ஜூல். இது ஐந்து கிலோ கலோரிக்கும் சற்றுக் குறைவு. ஒரு சிறிய இட்லியில் சுமார் 40 கிலோ கலோரி உண்டு. ஓர் இட்லியைச் செரிக்க எட்டு ஒன்பது முறை ஏறவேண்டும்! எனவே படியேறி இளைத்துவிடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே ஏற்றத்தை 35 விநாடியில் முடித்தால் திறன் 140 வாட். உடல் ஆற்றலைச் செலவிடும் வீதமோ அதன் நான்கு மடங்கு, 560 வாட். சும்மா இருக்கும்போது அது சுமார் 70 வாட்தான். அதாவது எட்டு மடங்கு! அரை நிமிடந்தான் என்றாலும் இதயமும் நுரையீரலும் விழித்துக்கொள்கின்றன. நாளுக்குப் பத்துமுறை இப்படி விழித்துக்கொள்ளும் இதயத்துக்கும், என்னைப் போல முப்பது ஆண்டு தூங்கிய இதயத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நான் அந்தப் படிக்கட்டில் பார்த்தேன்.

என்ன செய்யலாம்?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரி 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. ஆனால் 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில், உலக அளவில் மாணவர் 78 சதவீதமும் மாணவியர் 85 சதவீதமும் 2016இல் இந்த அளவை எட்டவில்லை. எட்டாதவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பி.டி. பீரியடைக் கணக்கு வகுப்பாக மாற்றிய ஆசிரியர்கள் இதற்குப் பொறுப்பு. "பெரியவளாகிவிட்டாய், இனி என்ன ஓட்டம்?" என்று சைக்கிளைப் பிடுங்கி வைத்த வீடுகளும் பொறுப்பு.

பந்தயம் ஓடுபவர்களுக்கு என் யோசனை இது: வாரத்தில் மூன்று நாள் ஆசிரியர் சொன்னபடி, கடிகாரத்தோடு, ஒரு சுற்றும் குறையாமல் ஓடுங்கள். மனம் இல்லாத நாளிலும் ஓடுங்கள். ஒழுங்கு என்பது அதுதான். இரண்டு நாள் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வயல் வரப்பிலோ கடற்கரையிலோ விளையாட்டாக ஓடுங்கள், அல்லது தோழர்களோடு கபடி ஆடுங்கள். ஒரு நாளாவது முழு ஓய்வு எடுங்கள். ஒரே இடத்தில் வலி நீடித்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

தேர்வாகாதவர்களுக்கு: அணியில் இடம் இல்லை என்பதால் உங்கள் உடலுக்கு இயங்கும் உரிமை இல்லாமல் போய்விடவில்லை. பஸ்ஸில் ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடங்கள். மாடிப்படியில் ஏறுங்கள். தம்பி தங்கைகளோடு பாண்டி ஆடுங்கள். அறுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் செலவிட வேண்டியதில்லை. சில்லறையாகச் சேர்த்தாலும் பணம் பணந்தானே!

நான் இப்போது தினமும் படியேறித்தான் ஆய்வகத்துக்குப் போகிறேன். முதல் மாதம் இரண்டு இடத்தில் நின்றேன், இப்போது நிற்பதில்லை. பத்தாம் வகுப்பில் விட்டதை நாற்பதைத் தாண்டிப் பிடிப்பது கடினம். உங்களுக்கு அந்தக் கடினம் வேண்டாம். அடுத்த விளையாட்டு விழாவில் நீங்கள் ஓடினாலும் சரி, கை தட்டினாலும் சரி, விழா முடிந்த மறுநாள் மாலை மைதானத்துக்கு வாருங்கள். அன்று அங்கே கடிகாரம் இருக்காது. ஓடிப் பாருங்கள்.