"சிரிப்புப் படம்தானே" என்கிறவர்களுக்கு

இத்தாலிய சினிமா என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம்: டி சிகா, ரோசெல்லினி, ஃபெலினி, அன்டோனியோனி. திரைப்படச் சங்கங்களில் படம் பார்த்து வந்த பழக்கம். அந்தப் பட்டியலில் மாரியோ மோனிச்செல்லியையும் சேருங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: "அவர் சிரிப்புப் படம் எடுத்தவர்தானே சார்?"

இந்தத் "தானே"வோடுதான் என் சண்டை.

மோனிச்செல்லி 1915-ல் பிறந்து, 2010-ல் தமது 95-வது வயதில் மறைந்தவர். அவருடைய 'இ சோலிட்டி இக்னோட்டி' 1958-ல் வந்தது. ரோம் நகரத்து ஏழை ஆசாமிகள் சிலர் ஒரு அடகுக்கடையில் கன்னம் வைக்கத் திட்டம் போடுகிறார்கள். பாடுபட்டுச் சுவரை இடித்தால் அது தப்பான சுவர்! அந்தப் பக்கம் இருப்பது அதே வீட்டின் சமையலறை. அங்கே கொண்டைக்கடலை போட்ட பாஸ்டா இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ஆனால் அவர்கள் வயிற்றை நினைத்துப் பாருங்கள். நகை தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது ஒருவேளைச் சாப்பாடு. அதுவே அவர்களுக்குப் பெரிது.

அடுத்த ஆண்டு 'லா கிராண்டே குவெர்ரா'. முதல் உலகப் போரில் இத்தாலி சுமார் 6 லட்சம் வீரர்களைப் பறிகொடுத்தது. அதை வைத்து நகைச்சுவையா என்று படம் எடுக்கும் முன்பே பத்திரிகைகளில் கூச்சல். மோனிச்செல்லி எடுத்தே தீர்த்தார். அல்பெர்ட்டோ சோர்டியும் விட்டோரியோ காஸ்மனும் சண்டைக்குப் பயந்து ஒளிகிற இரண்டு சிப்பாய்கள். கடைசியில் எதிரியிடம் பிடிபட்டு, ரகசியத்தைச் சொல்லாமலே சுடப்பட்டுச் சாகிறார்கள். அது தெரியாத அவர்களுடைய அதிகாரி, இருவரும் வழக்கம்போல நழுவிவிட்டதாகவே நினைக்கிறார். வெண்கலச் சிலை வைத்த வீரர்களைவிட இந்த இருவரும் எனக்கு நெருக்கமானவர்கள்.

அந்தப் படத்துக்கு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் கிடைத்தது. யாரோடு பகிர்ந்து? ரோசெல்லினியின் படத்தோடு! சரிபாதி விருது வாங்கியவருக்கு நம் பட்டியலில் மட்டும் ஏன் இடமில்லை?

1963-ல் 'இ கொம்பான்யி'. டூரின் நகரத்துப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 14 மணி நேர வேலையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்கிறார்கள். சிரிக்கச் சிரிக்கப் போகிற கதையில் ஒரு இளைஞன் சுட்டுக் கொல்லப்படுகிறான். முடிவில் அவனுடைய தம்பி, சின்னப் பையன், அதே ஆலைக்குள் வேலைக்குப் போகிறான். இதைச் "சிரிப்புப் படம்தானே" என்று தள்ள மனம் வருமா?

அவர் எடுத்தவை அறுபதுக்கும் மேல். எல்லாமே மாணிக்கம் என்று நான் வாதாடவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு எடுத்தவையும் உண்டு. நல்ல படங்களைக் கொண்டு அளக்க வேண்டும் என்பதே என் கட்சி. மற்றவர்களை அப்படித்தானே அளக்கிறோம்?

அழுகைப் படத்தில் ஏழையைப் பார்த்து இரக்கப்படுகிறோம். இரங்குகிறவன் எப்போதும் ஒரு படி மேலே நிற்கிறான். மோனிச்செல்லி படத்தில் அந்தப் படி கிடையாது. அவர்களுடைய அசட்டுத்தனத்தில் நம்முடையதும் தெரிகிறது. சிரித்து முடிப்பதற்குள் அவர்கள் நம் வீட்டு மனிதர்களாகிவிடுகிறார்கள். பிறகு அவர்களில் ஒருவன் சாகும்போது தாங்க முடிவதில்லை.

பேரனிடம் சொல்லி இந்த மூன்றில் ஒன்றையாவது தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வாருங்கள். காத்திருக்கிறேன்.