டயர் பெரிதா, பிரேக் பெரிதா?



பழைய ஜீப் ஒன்றை வாங்கி, 'சூப்பரா ரெடி பண்ணி' தினமும் ஓட்ட வேண்டும் என்ற ஆசை நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. அந்த ஆசையில் நான் செய்த தப்பையும், அதில் கற்ற பாடத்தையும் இந்த மலரில் சொல்லிவிடுகிறேன்.

எங்க மாமாவுக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். போக வர தினமும் சுமார் 80 கிலோமீட்டர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம்ம மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. கொட்டியது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் உயர்ந்து ரயில்களே ரத்தாயின. "இனிமே தண்ணியில நிக்காத வண்டிதான்டா வேணும்" என்று மாமா ஒரு பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பை வாங்கி வந்தார்.

"மாமா, முதல்ல பெரிய டயர் போடுங்க, வண்டியைத் தூக்கி நிறுத்துங்க, கெத்தா இருக்கும்!" என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். டிப்ளமோ படிக்கிற பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் நம்பினார். டயர், முன் பம்பர், கூடுதல் லைட் என்று கையிலிருந்த பணம் தீர்ந்தது. பிரேக் வேலையை 'அடுத்த மாசம்' பார்ப்பதாக முடிவு.

அடுத்த மாசம் வருவதற்குள் ஒரு காலையில், விக்கிரவாண்டி அருகே முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு மண்ணில் இறங்கி, சாலையோரக் கொய்யாக் கூடையை நசுக்கி நின்றது. கடைக்கார அம்மா டீ குடிக்க அப்போதுதான் எழுந்து போயிருந்தார். அவர் உயிரோடு இருப்பதற்கு அந்த ஒரு டீதான் காரணம்.

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தோம். வலது முன் வீல் சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருந்தது. இடது மட்டும் பிடித்ததால் வண்டி அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது.

அன்று இரவு நோட்டில் கணக்குப் போட்டேன். டயர் விட்டம் 10 சதவீதம் கூடினால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-ல் போகும். நிறுத்தும் தூரம் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால் இதிலேயே 21 சதவீதம் அதிகம். பிரேக் டிரம்மின் முறுக்குவிசை அதேதான். ஆனால் ஆரம் கூடியதால் தரையில் கிடைக்கும் பிரேக் விசை சுமார் 9 சதவீதம் குறையும். இரண்டையும் சேர்த்தால் நிறுத்தும் தூரம் ஏறத்தாழ 33 சதவீதம் கூடுகிறது! நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் மட்டுமே உள்ள வண்டிக்கு இது சின்ன விஷயமா? தேர்வில் எழுதி மார்க் வாங்கிய அதே பாடம்தான். வீட்டு வாசலில் நின்ற வண்டிக்கு அதைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி வடிவமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரும்பு பம்பர் மாட்டுவது அந்தப் பிரிவுக்கு எதிரானது என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

"அப்போ பழைய ஜீப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் செலவுக்கு ஒரு வரிசை வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. முதலில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், லைனிங், ஹோஸ், புது பிரேக் ஆயில். அடுத்து ஸ்டியரிங்: கிங் பின், டை ராட் எண்டு. பிறகு ஸ்பிரிங் புஷ், கம்பெனி அளவில் நல்ல டயர். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டாலே வெளிச்சம் கூடும். சீட் பெல்ட் கட்டாயம். இதெல்லாம் முடிந்து பணம் மிஞ்சினால் பெயிண்ட், அலங்காரம்.

இன்னொன்று: இந்த ஜீப்பில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டினால் வளைவில் கியர்களும் ஆக்சிலும் முறுக்கேறும். சேற்றுக்கு மட்டும் அந்த லீவரைத் தொடுங்கள்.

மாமா பெரிய டயரைக் கழற்றி விற்று, அந்தப் பணத்தில் பிரேக் வேலையை முடித்தார். கூடைக்கும் பழத்துக்கும் காசு கொடுத்தோம். அந்தம்மா வாங்க மறுத்து, "பார்த்து ஓட்டுங்க சாமி" என்று மட்டும் சொன்னார். வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது அந்த ஜீப்பைப் பார்த்து யாரும் 'கெத்து' என்று சொல்வதில்லை. ஆனால் மிதித்த இடத்தில், நேராக நிற்கிறது. அது போதும் நண்பர்களே!