பெயர் மாறவில்லை, பொருள் மாறிவிட்டது!

கடையில் அடுக்கப்பட்டிருக்கும் போத்தலையும் பெட்டியையும் நாம் பெயரைக் கொண்டே அறிகிறோம். தகப்பன் வாங்கிய அதே பெயரை மகனும் கேட்டு வாங்குகிறான். நிறம் அதே, எழுத்தும் அதே. ஆகவே உள்ளே இருப்பதும் அதே என்று நம்புகிறோம். இந்நம்பிக்கை தவறானது. உள்ளே இருக்கும் சீனியும் உப்பும் கொழுப்பும் காலத்துக்குக் காலம் கூடுகின்றன, குறைகின்றன. அம்மாற்றத்தை முடிவு செய்பவர் யார்? எதற்காகச் செய்கிறார்? விலை கொடுத்து வாங்கும் மக்களுக்கு அதில் ஏதேனும் உரிமை உண்டா? இக்கேள்விகளுக்கு விடை காண்பது அவசியமாகும்.

பிரித்தானியாவில் நடந்ததை முதலில் நோக்குவோம். குளிர்பானங்களிலுள்ள சீனிக்கு வரி விதிக்கப்படும் என்று 2016 மார்ச்சில் அந்நாட்டு நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் அறிவித்தார். வரி நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரல் 6ஆம் திகதி. இடையில் இரண்டு ஆண்டு அவகாசம். 100 மில்லிலீற்றரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சீனி சேர்த்தால் வரி இல்லை. 5 கிராம் முதல் 8 கிராமுக்கு உட்பட்டால் அப்போது லீற்றருக்கு 18 பென்ஸ் விதிக்கப்பட்டது. 8 கிராமோ அதற்கு மேலோ ஆனால் 24 பென்ஸ் விதிக்கப்பட்டது.

விளைந்தது யாது? 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 13 கிராம் சீனி கொண்டிருந்த லூக்கோசேட் 2017இல் 4.5 கிராமுக்கு இறங்கிற்று. ஸ்கொத்லாந்து மக்கள் தம் தேசியச் சொத்தாகக் கொண்டாடும் அயர்ன் புறூ என்னும் பானம் 10.3 கிராமிலிருந்து 4.7 கிராமுக்கு வந்தது. இந்த எண்களை வாசகர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 4.5, 4.7. இவை தற்செயலாய் அமைந்தனவா? அல்ல. சட்டம் 5இல் கோடு கீறிற்று. உற்பத்தியாளர் அக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றார்கள். வரி தொடங்குமுன்பே உற்பத்தியாளரில் அரைவாசிக்கு மேற்பட்டோர் சீனியைக் குறைத்துவிட்டனர் என்றும், ஆண்டுக்கு 4 கோடியே 50 இலட்சம் கிலோ சீனி இதனால் நீங்கியது என்றும் அந்நாட்டுத் திறைசேரி அறிவித்தது. முதலில் 52 கோடி பவுண் வருமானம் எதிர்பார்க்கப்பட்டது. பின்னர் அம்மதிப்பீடு 24 கோடியாகச் சுருங்கியது. பணம் குறையக் குறைய நோக்கம் நிறைவேறிய வரி இது.

இதே காலத்தில் பிஸ்கட், கேக், இனிப்புப் பண்டங்கள் முதலியவற்றுக்கு வேறொரு வழி கையாளப்பட்டது. அவற்றுக்கு வரியும் இல்லை, தண்டனையும் இல்லை. 2020ஆம் ஆண்டுக்குள் சீனியை 20 வீதம் குறைக்குமாறு உற்பத்தியாளரிடம் அரசாங்கம் கேட்டுக்கொண்டது. காலைத் தானிய உணவும் தயிர் வகையும் பத்து வீதத்துக்கு மேல் குறைந்தன என்பதை நேர்மையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் 2015 முதல் 2020 வரை மொத்தத்தில் கிடைத்த குறைவு 3.5 வீதமே. வரிக்குட்பட்ட பானங்களிலோ சராசரிச் சீனி 46 வீதம் குறைந்தது. ஒரே நாடு, ஒரே ஐந்து ஆண்டு. வாக்குறுதிக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் இவ்வளவு! வாக்குறுதிகளின் பெறுமதி யாதென்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் 2016 ஓகஸ்ற் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி பானப் போத்தல்களில் நிறக்குறி இடப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2க்குக் குறைந்தால் பச்சை. எழுத்தறியாதவரும் நிறமறிவர். ஆகவே இது நல்ல ஏற்பாடு, செய்தவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால் கோடு எங்கே கீறப்பட்டது? 12 கிராம் சேர்ப்பவர் ஒரே ஒரு கிராமைக் குறைத்தால் சிவப்பிலிருந்து தப்பிவிடலாம். 10.9 கிராம் கொண்ட பானமும் 2.5 கிராம் கொண்ட பானமும் ஒரே மஞ்சள் நிறத்தை அணிந்து அருகருகே நிற்கலாம். முன்னதில் நான்கு மடங்குக்கு மேல் சீனி! பிள்ளைக்குப் பானம் வாங்கும் தாய்க்கு இந்த மஞ்சள் என்ன சொல்கிறது? ஒன்றுமே சொல்வதில்லை. பிரித்தானியாவில் 5க்கு இறங்கச் செய்தது உற்பத்தியாளரின் மனச்சாட்சி அன்று. கோடு இருந்த இடம். 11இல் கோடு கீறினால் 11க்கே இறங்குவர். இதற்கு அவர்களைக் குறை கூறிப் பயனில்லை.

2017 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் பானத்திலுள்ள சீனிக்குக் கிராமுக்கு 50 சதம் வரி விதிக்கப்பட்டது. 2018 முடிவதற்குள்ளேயே அது குறைக்கப்பட்டது. ஓராண்டில் ஏற்றி மறு ஆண்டில் இறக்கப்படும் வரியை நம்பி எந்த உற்பத்தியாளர் தம் செய்முறையை மாற்றுவார்? பொறுத்திருந்தால் போதும் என்றே எண்ணுவார்.

சிலி நாட்டைப் பாருங்கள். 2016 யூனில் அந்நாடு தன் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது, 100 கிராம் திண்பண்டத்தில் 22.5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் கறுப்பு எண்கோண முத்திரை இடவேண்டும் என விதித்தது. 2018இல் எல்லை 15 ஆகவும், 2019இல் 10 ஆகவும் இறங்கியது. உப்பிலுள்ள சோடியத்துக்கும் அவ்வாறே 800, 500, 400 மில்லிகிராம் என மூன்று படிகள். அடுத்த படி எப்பொழுது வரும் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். பிரித்தானியாவும் தன் கோட்டை 5இலிருந்து 4க்கு இறக்கலாமா என்று 2025இல் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. கோடு ஒரு முறை கீறி மறந்துவிடும் பொருள் அன்று.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபனை எழும். சீனியைக் குறைத்தவர்கள் செயற்கை இனிப்பைச் சேர்க்கிறார்களே என்பர். உண்மைதான். உடற்பருமனைக் கட்டுப்படுத்த இவ்வினிப்புகளை நம்பவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் ஆலோசனை கூறியுள்ளது. ஆகவேதான் சீனியின் அளவை மாத்திரம் பார்க்கும் சட்டம் போதாது என்கிறோம். சீனிக்குப் பதிலாக எது சேர்க்கப்பட்டது என்பதையும் வாங்குபவர் அறிய வேண்டும்.

அறியாமையால் வரும் ஆபத்து எத்தகையது என்பதற்கு லூக்கோசேட்டே சான்று. இன்சுலின் ஏற்றும் நீரிழிவு நோயாளர் பலர், இரத்தத்தில் சீனி திடீரென வீழ்ந்து மயக்கம் வரும் வேளையில் அதையே கைமருந்தாகக் குடித்து வந்தனர். 100 மில்லிலீற்றரில் 17 கிராமாக இருந்த மாச்சத்து 8.9 கிராமாயிற்று. பழைய அளவு குடித்தால் பாதிப் பயனே கிட்டும். பழைய போத்தலும் புதிய போத்தலும் ஒரே தட்டில் கலந்திருந்த காலமும் உண்டு. எழுத்தைப் படித்துவிட்டுக் குடியுங்கள் என்று நோயாளரை எச்சரிக்க வேண்டியதாயிற்று. நல்ல நோக்கத்துடன் செய்த மாற்றமே, தக்க அறிவித்தலின்றிப் போனால், உயிருக்கு ஊறு விளைக்கும்.

நம் கமக்காரர் யூரியா மூடை வாங்கும்போது நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் என்ற எண்ணைப் பார்க்கிறார். பெயரை அப்படியே வைத்து, அந்த எண்ணை ஓசைப்படாமல் 30 ஆக்கினால் அவர் சும்மா இருப்பாரா? ஒப்பந்தத்தின் ஒரு வாசகத்தை ஒரு தரப்பார் தாமாக மாற்றிவிட்டு, மறு தரப்பாருக்கு அறிவிக்காதிருந்தால் நீதிமன்றம் ஏற்குமா? பயிருக்கும் பத்திரத்துக்கும் உள்ள பாதுகாப்பு, பிள்ளையின் வயிற்றுக்கு வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. முதலாவது, சிவப்புக் கோடு படிப்படியாகக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் உரிய திகதி வர்த்தமானியில் முன்னரே வெளியாக வேண்டும். இரண்டாவது, செய்முறை மாறினால், மாறிய திகதியும் பழைய அளவும் புதிய அளவும் ஆறு மாத காலத்துக்குப் போத்தலின் முகப்பிலேயே, வாங்குபவரின் மொழியில் அச்சிடப்பட வேண்டும். மூன்றாவது, சந்தையிலுள்ள பொருள்களை ஆண்டுதோறும் அரசாங்கம் பரிசோதித்து, முடிவை மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். நான்காவது, சிறு உற்பத்தியாளரை நசுக்கலாகாது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் லீற்றருக்குக் குறைவாகச் செய்வோருக்கும், சீனி சேர்க்காத பழச்சாற்றுக்கும் பிரித்தானியா வரிவிலக்கு அளித்தது. அத்தகைய விலக்கு இங்கும் அமைந்தால், மாம்பழமும் தோடம்பழமும் விளைவிக்கும் நம் கமக்காரருக்கும், அவற்றைப் பிழிந்து விற்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அது வாய்ப்பாகும்.

கோடு கீறும் மேசையைச் சுற்றி உற்பத்தியாளரின் பிரதிநிதிகள் தவறாது அமர்ந்திருப்பார்கள். அங்கே நமது நாற்காலி வெறுமையாக இருக்கலாமா? மருத்துவர்கள் சாட்சியம் கூறட்டும். ஆசிரியர்கள் பெற்றோருக்கு எடுத்துரைக்கட்டும். கமக்காரர் தம் சங்கங்களில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். நம் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுந்து கேட்கட்டும். நாம் வாளாவிருந்தால், நம் பிள்ளைகள் எதைக் குடிக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்துகொண்டே இருப்பார்.