ஜெயித்த கப்பல், மிஞ்சிய கப்பல்

வெள்ளைக்காரனுக்கு டீப் பைத்தியம் பிடித்திருந்த காலம். சீனாவிலிருந்து புதுத் தேயிலையை முதலில் கொண்டுவரும் கப்பலுக்கு லண்டனில் தனி மவுசு. அதற்காகவே 'கிளிப்பர்' என்று ஒல்லியான, வேகமான பாய்மரக் கப்பல்கள் கட்டினார்கள்.

அதில் சூப்பர் ஸ்டார், 'தெர்மோபைலே'. 1868-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பிறந்தது. முதல் பயணத்திலேயே லண்டனிலிருந்து மெல்பர்னுக்கு 63 நாளில் போய்ச் சேர்ந்தது. பாய்மர உச்சியில் தங்க முலாம் பூசிய சேவல் வேறு. 'எவனாவது இருந்தா வாங்கடா' என்று அர்த்தம்!

போட்டிக் கம்பெனி முதலாளி ஜான் வில்லிஸுக்குப் பொறுக்குமா? 'கட்டி ஸார்க்' என்று ஒரு கப்பலைக் கட்டி, 1869 நவம்பர் 22 அன்று தண்ணீரில் இறக்கினார். வேடிக்கை என்னவென்றால், ஐந்தே நாள் முன்பு, நவம்பர் 17 அன்று, சூயஸ் கால்வாயைத் திறந்துவிட்டார்கள். கடை திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் ஊருக்கு பைபாஸ் போட்ட மாதிரி! செங்கடல் காற்று பாய்மரத்துக்குச் சரிப்படாது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் ஓட, கிளிப்பர்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின.

ஆனாலும் ரோஷம் விடுமா? 1872-ல் இரண்டும் ஷாங்காயிலிருந்து ஒன்றாகக் கிளம்பின. சுமார் 400 மைல் முந்திக்கொண்டிருந்த கட்டி ஸார்க்குக்குப் புயலில் சுக்கான் பிய்த்துக்கொண்டு போயிற்று. கப்பலில் இருந்த மரத்தை வைத்து நடுக்கடலிலேயே புதுச் சுக்கான் செய்து மாட்டி, லண்டன் வந்து சேர்ந்தார்கள். தெர்மோபைலே ஒரு வாரம் முன்பே வந்து ஜெயித்திருந்தது.

ஜெயித்து என்ன பயன்? டீ வியாபாரம் நீராவிக்குப் போய்விட்டது. இரண்டும் ஆஸ்திரேலியாவில் கம்பளி சுமந்தன. அங்கே கட்டி ஸார்க் பழி தீர்த்துக்கொண்டது தனிக்கதை. தெர்மோபைலே 1890-ல் கனடாவுக்குக் கைமாறி, பசிபிக்கில் அரிசியும் மரமும் ஏற்றியது. பிறகு போர்ச்சுகல் கடற்படை வாங்கி, 'பெத்ரோ நூனெஸ்' என்று பெயரை மாற்றியது. 1907 அக்டோபர் 13 அன்று, காஸ்காயிஸ் அருகே அதே கடற்படை, மரியாதை செய்து, டார்ப்பிடோ வைத்து மூழ்கடித்தது.

தோற்ற கட்டி ஸார்க்கும் போர்ச்சுகல்காரர்களிடம்தான் போனது. ஆனால் 1922-ல் ஓர் ஆங்கிலேய கேப்டன் ஆசைப்பட்டு வாங்கித் திரும்பக் கொண்டுவந்தார். இன்று கிரீனிச்சில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். ஜெயித்தது கடலடியில்!

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரன் முந்துகிறானா என்றே பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, நடுநடுவே ஜன்னலுக்கு வெளியேயும் எட்டிப் பாருங்கள். எங்கேயாவது கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.