படிக்க முடியாத வரைபு யாருக்கு?

பெற்றோர் கூட்டத்துக்காக எமது உயர்தர மாணவர்கள் பைதனில் வகுப்புவாரியான வரவு வரைபொன்றைத் தயாரித்தார்கள். கணக்குச் சரி. ஆனால் சுவரில் ஒட்டியபோது வகுப்புப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓரத்தில் இருந்தவை வெட்டுப்பட்டிருந்தன. ஒரு உம்மா தன் பிள்ளையின் வகுப்பைத் தேடித் தேடிக் களைத்துவிட்டார்.

பிழை பிள்ளைகளுடையதல்ல, எங்களுடையது. மெட்ப்ளொட்லிப் தானாகத் தரும் அளவு 6.4க்கு 4.8 அங்குலம். அதை மாற்றலாம் என்று நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. படத்தைப் பெரிதாக வரைந்து தாளுக்காகச் சுருக்கினால் எழுத்தும் சுருங்கிவிடும். அச்சிடும் தாளின் அளவையே முதலில் கொடுக்க வேண்டும். ஏ4 தாளின் அகலம் 8.27 அங்குலம். பெயர்கள் நீளமா? சலாகைகளைக் கிடையாகப் போடலாம். ஓரம் வெட்டுப்படாமல் டைட் லேஅவுட் பார்த்துக்கொள்ளும்.

விடை சரியென்றால் புள்ளி போட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். வாசிப்பவரை நினைத்து வரையப் பழக்குவதும் பாடம்தானே?